எழுபத்தொன்பது வயதுச் செப்பிலி

மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், கண்டத்திட்டின் விளிம்பில், ரௌலி ஷோல்ஸ் என்று அழைக்கப்படும் மூன்று பவளத்திட்டுகள் இருக்கின்றன. அங்கே 2016-ஆம் ஆண்டில் பிடிக்கப்பட்ட ஒரு மீனுக்கு வயது 81 என்று ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் டெய்லரும் அவருடைய குழுவினரும் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தார்கள். மிட்நைட் ஸ்னாப்பர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இனம் அது. அதே திட்டுகளில் கிடைத்த இன்னொரு மீனின் வயது 79. அது லுட்ஜானஸ் பொஹார் என்ற இனத்தைச் சேர்ந்தது. அந்த ஆய்வில் 60 வயதைக் கடந்த மீன்கள் மட்டும் 11 இருந்தன. ஆழம் குறைந்த வெப்பமண்டலக் கடலில் வாழும் பவளப்பாறை மீனுக்கு 60 வயதுதான் உச்சம் என்பது அதுவரை இருந்த கணக்கு.

நம் கரையில் செப்பிலி என்று சொல்லும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவை இரண்டும். மீன் அங்காடியில் சிவந்த உடலும் பெரிய கண்ணும் கூரிய பற்களுமாக ஒரு மீனைப் பார்க்கும்போது அதன் எடையை மதிப்பிடுகிறோம், புதியதா என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம்; அதற்கு என்ன வயதிருக்கும் என்று கேட்பதில்லை. செப்பிலிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான். குறிப்பாகப் பொஹாரின் உடலமைப்பு, இடத்தேர்வு, இனப்பெருக்கம் ஆகிய எல்லாவற்றையும் அதன் நீண்ட ஆயுளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்குகிறது. ஆகவே அந்த ஓர் இனத்தைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

இந்த மீனை அறிவியல் உலகுக்கு 1775-இல் அறிமுகப்படுத்தியது செங்கடல் பகுதியில் ஆய்வு செய்த பேட்டர் ஃபோர்ஸ்கால் என்பவரின் குறிப்புகள். அவர் யேமனில் காய்ச்சலில் இறந்த பிறகே அவை அச்சேறின. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் செங்கடலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடலின் தீவுகள் வழியாகப் பசிபிக்கின் மார்க்கேசஸ், லைன் தீவுகள் வரையிலும், வடக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியா வரையிலும் பொஹார் பரவியிருக்கிறது. நமக்கு அருகில் என்றால் லட்சத்தீவும் மாலத்தீவும் அதன் வாழிடங்கள். 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததாகவும் 12 கிலோவைத் தாண்டியதாகவும் பதிவுகள் உண்டு. பொதுவாகக் கண்ணில் படுபவை அதைவிடச் சிறியவை.

அடையாளம் காண்பதில் கவனம் தேவை. இளம் பொஹாரின் முதுகில், முதுகுத்துடுப்பின் அடியை ஒட்டி, வெள்ளியைப் போன்ற இரண்டு வெண்புள்ளிகள் இருக்கும். ஆங்கிலத்தில் அதை இருபுள்ளிச் செப்பிலி என்ற பொருளில் அழைப்பது இதனால்தான். மீன் முதிர முதிர அந்தப் புள்ளிகள் மங்கி மறைந்துவிடுவதால், பெரிய மீனில் அவற்றைத் தேடிப் பயனில்லை. அப்போது பார்க்க வேண்டியது முகத்தை. மூக்குத்துளையிலிருந்து கண்ணை நோக்கி ஆழமான ஒரு பள்ளம் ஓடும். விரல் நுனியால் தடவினாலே அது தெரியும். உடல் அடர்ந்த செம்பழுப்பாகவும் வயிறு அதைவிட வெளிறியும் இருக்கும்; ஒவ்வொரு செதிலின் நடுவும் சற்று வெளுத்திருப்பதால் பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடுவது போலத் தோன்றும். துடுப்புகள் கருமை கலந்தவை. வாயைத் திறந்தால் முன்புறம் கோரைப்பற்கள். அவற்றுக்குப் பின்னால் சிறு பற்களின் பட்டை. வாயை மூடும்போது மேல்தாடையின் பின்பகுதி கண்ணுக்குக் கீழேயுள்ள எலும்பின் அடியில் வழுக்கிச் சென்று மறைந்துகொள்வதைச் செப்பிலிக் குடும்பம் முழுவதிலும் காணலாம். பிடித்த இரையை நழுவவிடாமல் ஒரே கவ்வலில் பற்றிக்கொள்ளும் வாய் அது. தூண்டில் முள்ளைக் கழற்றுகிற எவரும் செப்பிலியின் வாயருகே விரலைக் கொண்டுபோகத் தயங்குவதற்குக் காரணம் உண்டு.

செப்பிலி என்ற ஒரே பெயரில் நம் சந்தைகளுக்கு வரும் இனங்களிலேயே வாழிட வேறுபாடு மிகுதி. லுட்ஜானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ் என்ற இனம், குஞ்சுப் பருவத்தை முகத்துவாரங்களிலும் அலையாத்திக் காடுகளின் கழிகளிலும் கழித்துவிட்டு, வளர்ந்த பிறகு கடலுக்குள் ஆழமான பாறைகளுக்குப் போகிறது. உவர்நீர்க் குளங்களிலும் கூண்டுகளிலும் அதை வளர்க்க முடிவது இந்தத் தாங்குதிறனால்தான். பொஹாரோ அப்படியல்ல. கழிமுகமும் கலங்கல் நீரும் அதற்கு உகந்தவை அல்ல. முட்டைப் பருவத்திலும் மிதக்கும் பருவத்திலும் திறந்த கடலில் இருப்பதைத் தவிர, மற்ற நாட்கள் முழுவதையும் அது பவளப்பாறையில் கழிக்கிறது. மன்னார் வளைகுடாவின் மீனவர்கள் பார் என்று சொல்லும் அந்தக் கடலடித் திட்டே அதன் பிறந்தகமும் புகுந்தகமும் எனலாம்.

பாரிலும் எல்லா இடத்திலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. அலை மோதும் வெளிச்சரிவு, திட்டின் விளிம்பிலிருந்து ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் சுவர், உட்கடலுக்கும் வெளிக்கடலுக்கும் இடையே நீர் பாயும் வாய்க்கால்கள் ஆகியவற்றில்தான் பெரிய பொஹார்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. 10 மீட்டரிலிருந்து 70 மீட்டர் வரையான ஆழம் அதற்கு வழக்கமான இடம். 180 மீட்டர் வரையிலும் பதிவு உண்டு. மேலிருந்து பாரின் மீன்களும், வெளியிலிருந்து நீரோட்டம் கொண்டுவரும் மீன்களும் ஒரே இடத்தில் வந்து சேரும் எல்லைக்கோடு இந்த விளிம்பு. பொஹாரின் இரைப்பையில் பெரும்பாலும் மீன்களே இருக்கின்றன. நண்டு, இறால், நத்தை ஆகியவையும் கலந்திருக்கும். செப்பிலிகளில் பல இனங்கள் பகலெல்லாம் கூட்டமாகப் பாறையோரம் ஒதுங்கி நின்று, இருட்டிய பிறகு தனித்தனியே பிரிந்து மேயப் போகின்றன. பொஹார் தனித்தும் திரியும், கூட்டமாகவும் திரியும். பகல் வெளிச்சத்திலும் சுறுசுறுப்பாகவே இருக்கும்.

லட்சத்தீவில் வெளிச்சரிவு ஒன்றில் மூழ்கியிருந்தபோது பொஹாரை அருகில் பார்க்க வாய்த்தது. மற்ற மீன்கள் விலகிப் போகிற தூரத்துக்கு அது நெருங்கி வந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தபடி, துடுப்பை அசைத்து அசைத்து நின்றது. நான் கையை மடக்கியதும் இன்னும் கொஞ்சம் அருகே வந்தது. மனித நடமாட்டம் குறைந்த தீவுகளில் பொஹார்கள் முக்குளிப்பவர்களைப் பின்தொடர்ந்து வருவது நன்கு அறியப்பட்ட பழக்கம்.

அந்த ஆர்வத்துக்கு அறிவியலிலும் ஒரு விளைவு உண்டு. பசிபிக்கின் லைன் தீவுகளில் 2005-இல் நடந்த ஆய்வுப் பயணத்தின்போது, ஆட்களே குடியிராத கிங்மன் ரீஃப் என்ற திட்டில் மொத்த மீன் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு சுறா, பொஹார் போன்ற மேல்நிலைக் கொன்றுண்ணிகளுடையது என்று கணக்கிட்டார்கள். மக்கள் வாழும் கிரிட்டிமாட்டி தீவில் அந்தப் பங்கு 19 விழுக்காடு. மீன்பிடிப்பு ஒரு பாரை எந்த அளவுக்கு மாற்றிவிடுகிறது என்பதற்கு இந்த ஒப்பீடு பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. பின்னர் வந்தவர்கள், ஆளைக் கண்டு நெருங்கி வருகிற மீன்களை எண்ணும்போது எண்ணிக்கை உண்மையைவிடக் கூடிவிடும் என்று சுட்டிக்காட்டி, 85 என்பது மிகை என்றார்கள். அந்தத் திருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனாலும் இரு தீவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதனால் இல்லாமல் போய்விடவில்லை. பெரிய பொஹார்கள் எங்கே நிறைய இருக்கின்றனவோ அங்கே மனிதர்கள் குறைவு என்பது இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டம் வரை பொருந்தி வருகிறது.

இனி வயதுக்கு வருவோம். ஒரு மீனின் வயதை அதன் நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்குப் பொஹாரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இளமையில் வேகமாக வளர்கிற மீன், ஒரு கட்டத்துக்குப் பிறகு வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு, அதே அளவிலேயே பல பத்தாண்டுகளைக் கழிக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு பொஹார்களில் ஒன்றுக்கு 20 வயதும் மற்றதற்கு 50 வயதும் இருக்கலாம். ஆகவே உடம்பைப் பார்க்காமல் மூளைக்கு அடியில் பார்க்கிறார்கள். எல்லா எலும்பு மீன்களுக்கும் மண்டையோட்டின் உட்பகுதியில், சமநிலையையும் ஒலியையும் உணர்த்துகிற அறைகளில், சுண்ணாம்பாலான மூன்று இணைச் செவிக்கற்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரிய இணையை வெளியே எடுத்து, கழுவி உலர்த்தி, பிசினில் பதித்து, வைர விளிம்புள்ள ரம்பத்தால் நடுமையத்தின் வழியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவி எடுக்கிறார்கள். அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், ஒளி புகும் பட்டையும் ஒளி புகாத பட்டையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்களை எண்ணுவது போலவே இங்கும் ஓர் இணைப் பட்டையை ஓர் ஆண்டாகக் கொண்டு எண்ணுகிறார்கள். மீனின் உடல் வளர்வது நின்ற பிறகும் செவிக்கல் மட்டும் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போவதால்தான் இந்த முறை முதிய மீன்களுக்கும் பொருந்துகிறது. கல்லின் விளிம்பை நெருங்க நெருங்கப் பட்டைகள் மிக மெல்லியவையாக நெருங்கிக் கிடக்கும். எண்ணுபவருக்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும், ஒருவர் எண்ணியதை இன்னொருவர் தனியே எண்ணிச் சரிபார்க்கவும் வேண்டும்.

வெப்பமண்டலத்தில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாதபோது ஆண்டுக்கு ஒரு வளையம் எப்படி உண்டாகும் என்று ஒரு காலத்தில் ஐயம் இருந்தது. அதைத் தீர்க்கப் பயன்பட்ட வழிகளில் ஒன்று வியப்பானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் கரிமம்-14 என்ற கதிரியக்க அணுவின் அளவு காற்றிலும், பிறகு கடலின் மேல்நீரிலும் உயர்ந்தது. அக்காலத்தில் உருவான பவளமும் செவிக்கல்லும் அந்த உயர்வைத் தமக்குள் பதித்து வைத்திருக்கின்றன. வளையம் எண்ணிச் சொன்ன பிறந்த ஆண்டும், செவிக்கல்லின் மையத்தில் உள்ள கரிமம்-14 காட்டும் காலமும் ஒத்துப்போனால் எண்ணிக்கை சரி. மெக்சிகோ வளைகுடாவின் செஞ்செப்பிலி அரை நூற்றாண்டைத் தாண்டி வாழ்கிறது என்பதை இப்படித்தான் உறுதி செய்தார்கள்.

இவ்வளவு நீண்ட ஆயுள் எதற்காக என்ற கேள்விக்கு விடையைக் குஞ்சுப் பருவத்தில் தேட வேண்டும். பொஹாரின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. உள்ளே ஓர் எண்ணெய்த்துளி இருப்பதால் நீரில் மிதக்கும். வெதுவெதுப்பான கடலில் ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு சில வாரங்கள் மிதவை உயிரிகளோடு மிதவை உயிரியாகத் திறந்த கடலில் அலைகிறது. செப்பிலிகளின் இந்தப் பருவத்தில் முதுகுத்துடுப்பிலும் வயிற்றுத்துடுப்பிலும் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; சிறிய வாய்களுக்கு விழுங்க முடியாதபடி செய்கிற காப்பு அது. அப்படியும் பெரும்பாலானவை இறந்துவிடும். நீரோட்டம் சரியான நேரத்தில் ஒரு பாரின் அருகே கொண்டுவந்து சேர்த்த குஞ்சுகள் மட்டுமே அடுத்த கட்டத்துக்கு வருகின்றன. சில ஆண்டுகளில் அப்படிச் சேருபவை மிகக் குறைவாகவும், எப்போதாவது ஓராண்டில் நிறையவும் இருக்கும். எது நல்ல ஆண்டு என்று தாய்மீனுக்குத் தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் முட்டையிட்டுக்கொண்டே பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தால், அவற்றுள் ஏதேனும் சில நல்ல ஆண்டுகள் வாய்த்துவிடும். பொஹாரின் ஆயுள் இந்த நிச்சயமின்மைக்குக் கிடைத்த பதில் என்பதே என் புரிதல்.

பாருக்கு வந்து சேர்ந்த பிஞ்சுப் பொஹார் பிழைத்துக்கொள்ளும் விதம், எனக்கு இந்த மீனின் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி. கிளைத்த பவளங்களுக்கு மேலே குரோமிஸ் என்ற சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாக நின்று, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்னும். அவை எவருக்கும் தீங்கு செய்யாதவை. பாரிலுள்ள மற்ற சிறு மீன்கள் அவற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. பிஞ்சுப் பொஹார் நிறத்திலும் வடிவிலும் அந்தக் குரோமிஸைப் போலவே தோற்றம் கொண்டு, முதுகின் வெண்புள்ளிகளோடு, அவற்றின் கூட்டத்துக்குள் கலந்து, அவை நீந்துவது போலவே நீந்துகிறது. ஒரு பகுதியில் எந்தக் குரோமிஸ் இனம் மிகுதியோ அதைப் போலவே பிஞ்சுகளும் இருக்கின்றன. தன்னைத் தின்ன வருகிற பெரிய மீனுக்கு அது கூட்டத்தில் ஒன்று; தான் தின்னப் போகிற சிறு மீனுக்கோ அது ஆபத்தில்லாத ஒன்று. கூட்டத்தின் ஓரத்திலிருந்து சட்டென்று கீழே பாய்ந்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு, மீண்டும் கூட்டத்துக்குள் வந்து கலந்துவிடும். உடல் பெரிதாகி, இந்த வேடம் இனிச் செல்லாது என்ற நிலை வரும்போது நிறமும் மாறி, பொஹார் தன் இயல்பான தோற்றத்தோடு சரிவுக்கு இறங்குகிறது.

இந்த இடத்தில், 81 வயதில் பிடிபட்ட அந்த இன்னொரு செப்பிலியையும் நினைத்துக்கொள்வது நல்லது. மிட்நைட் ஸ்னாப்பர் எனும் மக்கோலர் மக்குலாரிஸ், பொஹாரைப் போல மீன் வேட்டையை நம்பி வாழும் இனமல்ல. அதன் செவுள்களில் நெருக்கமாக அமைந்த நீண்ட சல்லடை முட்களைக் கொண்டு, நீரிலுள்ள பெரிய மிதவை உயிரிகளை வடித்து உண்கிறது. உணவு முறையில் இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு இனங்கள் ஒரே திட்டில் ஏறத்தாழ ஒரே வயதை எட்டியிருப்பதால், ஆயுளின் காரணத்தை இரையில் மட்டும் தேடக் கூடாது என்பது தெளிவாகிறது. நீரின் வெப்பமும் அதில் பங்கு வகிக்கிறது. குளிர்ந்த நீரில் மீன்கள் மெதுவாக வளர்ந்து நீண்ட நாள் வாழ்வது பொதுவான போக்கு. வெவ்வேறு அட்சரேகைகளில் வாழும் ஒரே இனத்தை ஒப்பிட்டு, கடல் சூடேறும்போது அதன் ஆயுளுக்கு என்ன ஆகும் என்று கணிப்பதும் டெய்லர் குழுவினரின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

பருவமடைதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. கிரேட் பேரியர் ரீஃபில் நடந்த ஆய்வின்படி, ஆண் பொஹார் 30 சென்டிமீட்டர் நீளத்தில், ஓரிரு வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. பெண்ணுக்கு 43 சென்டிமீட்டர் நீளமும் சுமார் 9 வயதும் ஆக வேண்டியிருக்கிறது. ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய பெண் பொஹார் தூண்டிலில் ஏறினால், அது இன்னும் ஒரு முறைகூடச் சினை விடாததாக இருக்கலாம். வஞ்சிரம் என்றும் சீலா என்றும் நாம் சொல்லும் மீன் சில ஆண்டுகளிலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு செப்பிலியைப் பிடித்தால் தவறிவிடும்.

முட்டையிடுவது கூட்டமாக நடக்கிறது. பசிபிக்கின் பலாவ் தீவுகளில், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், திட்டின் வெளிமூலையில் பொஹார்கள் ஆயிரக்கணக்கில் திரள்கின்றன. மற்ற நாட்களில் ஆங்காங்கே திரியும் மீன்கள் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் ஒரே இடத்தைத் தேடி வருகின்றன. பெண் மீனின் வயிறு சினையால் புடைத்திருக்கும். அது திரளிலிருந்து பிரிந்து மேல்நோக்கிப் பாயும்போது பல ஆண்கள் அதை நெருக்கிக்கொண்டு பாய்கின்றன. மேலே ஓரிடத்தில் முட்டையும் விந்தும் ஒரே நேரத்தில் வெளியாகி, நீர் பால் கலந்தது போலாகிவிடும். சுறாக்களும் அந்த நாட்களை அறிந்து வந்து சுற்றுகின்றன. வெளிமூலையைத் தேர்வதற்குக் காரணம் நீரோட்டம்: முட்டைகளைத் தின்னும் வாய்கள் நிறைந்த பாரைவிட்டு, அவற்றை விரைவாகத் திறந்த கடலுக்குக் கொண்டுபோக அதுவே ஏற்ற இடம். முட்டையிட்ட பிறகு பெற்றோரின் வேலை முடிந்தது. காவல் காப்பதோ கூடு கட்டுவதோ செப்பிலிகளிடம் இல்லை. இத்தகைய திரள்கள் ஆண்டுக்காண்டு ஒரே இடத்தில், கணிக்கக்கூடிய நாளில் கூடுவதால், இடமும் நாளும் தெரிந்த சில படகுகள் சுற்றுவட்டாரத்தின் முதிய மீன்கள் அனைத்தையும் சில நாட்களில் எடுத்துவிட முடியும். இதைத் தடுக்க அந்த நாட்களில் அந்த இடத்தை மூடிவைப்பதைவிட எளிய வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பொஹாரைப் பற்றி எழுதும்போது நஞ்சைப் பற்றி எழுதாமல் விடுவது பொறுப்பாகாது. இறந்த பவளத்தின் மேல் படரும் பாசியில் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிரி வாழ்கிறது. பிரெஞ்சுப் பாலினேசியாவின் காம்பியர் தீவுகளின் பெயரைத் தாங்கியது அது. அதன் நஞ்சு, பாசியை மேயும் மீனுக்குள் போய், மேயும் மீனைத் தின்னும் மீனுக்குள் போய், படிப்படியாகச் சேர்ந்து, மனிதனுக்கு வரும்போது சிகுவாட்டெரா என்ற நோயாகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வரும். பிறகு உதட்டிலும் விரல் நுனியிலும் மதமதப்பு, மூட்டுவலி, உடல் அரிப்பு. குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போல உணர்வது இந்நோயின் தனி அடையாளம். நரம்பு சார்ந்த தொல்லைகள் வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. குழம்பாக வைத்தாலும் வறுத்தாலும் கருவாடாக்கினாலும் ஐஸில் உறையவைத்தாலும் அது அழிவதில்லை. ஈரலிலும் குடலிலும் சதையைவிட அதிகமாக இருக்கும்.

இந்நோயின் பழைய பதிவுகளில் ஒன்று 1774-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேம்ஸ் குக்கின் ரெசல்யூஷன் கப்பல் இன்றைய வனுவாட்டுவின் மலெக்குலா தீவருகே நின்றபோது, அங்கே பிடித்த செந்நிற மீன்களைத் தின்றவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். அந்த மீன் பொஹாராக இருக்கலாம் என்று பின்னாளில் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹவாய் ஆய்வாளர்கள் இந்த நஞ்சைப் பிரித்தெடுக்க முயன்றபோது லைன் தீவுகளின் பொஹாரை நிறையப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டின் மேற்குக் கரைச் சந்தைக்கு வந்த பொஹாரின் சதையிலும் இந்த நஞ்சு இருந்ததை ஆய்வகச் சோதனை உறுதி செய்திருக்கிறது. ஆகவே இது தொலைதூரத் தீவுகளின் சிக்கல் மட்டுமல்ல. எல்லாப் பொஹாரும் நஞ்சுடையது என்றும் சொல்ல முடியாது. ஒரு திட்டின் மீன் பாதுகாப்பானதாகவும் அடுத்த திட்டின் மீன் ஆபத்தானதாகவும் இருக்கலாம். பெரிய மீன்தான் நஞ்சு, சிறியது பாதுகாப்பு என்ற விதியும் எல்லா இடங்களிலும் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொஹாரைப் பிடித்து வைத்துக்கொள்வதையே சட்டம் தடை செய்கிறது. மொரீஷியஸும் அதன் விற்பனையை அனுமதிப்பதில்லை. பவளத்தீவுகளிலிருந்து வந்த பெரிய செப்பிலி, கலவா ஆகியவற்றின் தலையையும் ஈரலையும் குடலையும் தவிர்ப்பது என் வீட்டுப் பழக்கம். மற்றவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த மீன்களை யாரும் குறிவைத்துப் பிடிப்பதில்லை. ரௌலி ஷோல்ஸ் கரையிலிருந்து மிகத் தொலைவிலும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்தே அதன் திட்டுகள் கடற்பூங்காவாகவும் காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 79 வயது மீன் அங்கே கிடைத்தது இவற்றின் கூட்டு விளைவு. ஒரு மீன் அந்த வயதை எட்ட வேண்டுமானால், பருவமடைந்த மீன்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் சாகக் கூடாது என்பது எளிய கணக்கு. அதற்கு மேலே தூண்டிலும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து மீன்களை எடுத்தால், அரை நூற்றாண்டு வாழ்பவை அந்தப் பாரில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மீன்வளம் அப்படியே இருப்பது போலத் தெரியும், படகுக்குக் கிடைப்பதும் சில காலம் குறையாது. ஆனால் திரளை வழிநடத்திய முதியவையும், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மிகுதியான முட்டைகளைத் தந்த பெரிய பெண்களும் போயிருக்கும். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதும் ஆழத்து மீனுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. செப்பிலியின் காற்றுப்பை மூடிய அமைப்புடையது. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, இரைப்பையை வாய் வழியே தள்ளி, கண்ணைப் பிதுக்கிவிடும். மேலே விட்ட மீன் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். எடை கட்டிய கயிற்றில் கோத்து ஆழத்துக்கே கொண்டுபோய் விடுவிக்கும் கருவியையோ, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் ஊசியையோ மெக்சிகோ வளைகுடாவில் படகுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் அமெரிக்காவில் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழக்கம் நம் கடலுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

தொலைவும் காப்பிடமும் தடுக்க முடியாத ஒன்று 2024–25 கோடையில் அந்தத் திட்டுகளுக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் நீண்ட நாள் நீடித்த வெப்ப அலையில், அதுவரை பெரிதாகப் பாதிக்கப்படாமலிருந்த ரௌலி ஷோல்ஸின் பவளங்களும் கடுமையாக வெளுத்தன. சரிவில் திரியும் 50 வயதுப் பொஹாருக்கு அதனால் உடனே ஏதும் நேர்ந்துவிடாது. அதன் இரை இருக்கும்வரை அதுவும் இருக்கும். கிளைப்பவளங்கள் மடிந்தால் அவற்றின் மேலே நிற்கும் குரோமிஸ் கூட்டங்கள் குறையும். குரோமிஸ் குறைந்தால் அவற்றுக்குள் ஒளிந்து வளர வேண்டிய பிஞ்சுகளுக்கு இடம் இருக்காது. அந்த இழப்பு முதிய மீன்களின் எண்ணிக்கையில் தெரிய வருவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். ஆகையால் அங்கே இப்போது எண்ண வேண்டியது பெரிய பொஹார்களை அல்ல, இந்த ஆண்டிலும் வரும் ஆண்டுகளிலும் பாருக்கு வந்து சேர்கிற, முதுகில் இரண்டு வெண்புள்ளிகள் கொண்ட விரல் நீளப் பிஞ்சுகளை.